வாடகைக்கு விட நல்ல இடம் எது? – ஒரு நாப்பது பக்க நோட்டின் கதை

மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செமஸ்டர் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒரு நாப்பது பக்க நோட்டு. அந்த நோட்டைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படிக்கவும்.

எங்க அப்பா துறைமுகத்துல சரக்கு ஏத்தி இறக்குற ஒரு தனியார் கம்பெனியில 31 வருஷம் வேலை பார்த்தவர். இந்த வருஷம் 60 முடிஞ்சது. மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி, அம்மா கட்டின சீட்டு எல்லாம் சேர்த்து கையில் 26 லட்சம். மாதாந்திர பென்ஷன்னு பார்த்தால் மூவாயிரத்துச் சொச்சம்தான். தங்கச்சி இன்னும் பிளஸ் ஒன். என் படிப்பும் முடியவில்லை. ஆக, அந்த 26 லட்சம்தான் இனிமேல் சம்பளம், பென்ஷன், ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணச் செலவு எல்லாம்.

ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது அப்பா ஆரம்பித்தார்.

"ஏட்டி, நீ காலேஜ்ல கணக்குதான படிக்க? இந்த ரூவாய்க்கு எங்க வீடு வாங்கிப் போட்டா நல்ல வாடகை வரும்னு பாத்துச் சொல்லு."

பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளையை நம்பி 26 லட்சம்! எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாதான் அடுக்களையில் இருந்து குரல் கொடுத்தாள்.

"நாமளே வாடகை வீட்டுல கெடக்கோம். இதுல ஊருக்கு வீடு வாடகைக்கு விடப் போறாவளாம்."

அம்மா சொன்னது காமெடியாத் தெரிந்தாலும் அதில் பாயிண்ட் இருந்தது. அது எனக்குப் புரிய மூணு மாசம் ஆச்சு.

மறுநாளே ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் "எங்கே வாங்கலாம்?" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். கீழே அஞ்சு இடம். ஒன்று, சென்னை பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு சின்ன ஃபிளாட் (அத்தை மகன் அங்கே வேலை பார்க்கிறான், அவன் யோசனை). இரண்டு, பாளையங்கோட்டை. மூணு, நம்ம ஊர்ல இருந்து வாகைக்குளம் விமான நிலையம் போற ரோட்டில் புதுசா பிரிக்கிற மனைகள். நாலு, முத்தையாபுரம் பக்கம். அஞ்சு, தூத்துக்குடி டவுனுக்குள்ளேயே ஒரு பழைய வளவு வீடு.

எழுதி முடித்ததும் பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி ஒரு நினைப்பு. அடுத்த பக்கத்தில் என்ன எழுதணும்னு தெரியவில்லை. :-)

அப்போதுதான் ஒன்று தோணியது. நாங்கள் இதுவரை ஆறு வீடு மாறி இருக்கிறோம். ஆறு ஹவுஸ் ஓனர். வீடு வாங்குகிறவனுக்குத் தெரியாத பல விஷயம் குடியிருந்தவனுக்குத் தெரியும். எந்த வீட்டில் போர் தண்ணி உப்பு, எந்த வீட்டில் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பைப் துருப்பிடித்துப் போகும், மழை வந்தா எந்தத் தெருவில் கக்கூஸ் தண்ணி எதிர்த்து வரும், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போக முடியுமா, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பொம்பளைப் பிள்ளைக்கு அந்தத் தெரு பயமில்லாமல் இருக்குமா. வாடகைக்கு வருகிறவர் இதைத்தான் பார்க்கிறார். முகப்பில் போட்ட டைல்ஸை இல்லை. அதனால் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "இங்கே குடிவரப் போறது யார்?"

இந்தக் கேள்விக்கு எங்க தாத்தா கதை ஒன்று பொருந்தும். தாத்தா 1961ல் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பைச் சின்னப் பையனாப் பார்த்தவர். இங்கே பெரிய அளவில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு அதுதான். குளிப்பு அறிவித்தால் போதும், கடற்கரையில் ஓலைக்கொட்டகையா ஒரு ஊரே முளைத்துவிடுமாம். குளியாளி, கயிறு பிடிக்கிற மண்டாடி, வியாபாரி, டீக்கடை, போலீஸ்னு கூட்டம். அந்த ரெண்டு மாசம் ஒரு தட்டிக் கொட்டகைக்குக்கூட கிராக்கியாம். பாரில் சிப்பி இல்லைன்னா? ஓலையைப் பிரித்து எடுத்துக்கொண்டு எல்லாரும் போய்விடுவார்கள். மணல்தான் மிச்சம்.

லைப்ரரியில் இதைப் பற்றித் தேடியபோது இன்னொரு கதை கிடைத்தது. நமக்கு எதிர்க்கரை இலங்கையில் 1905ல் மரிச்சுக்கட்டிப் பக்கம் நடந்த முத்துக்குளிப்பு ஒரு சாதனை. எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி. அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய் வருமானம், அந்தக் காலத்து 25 லட்சம். இதைப் பார்த்து லண்டனில் ஒரு கம்பெனி ஆரம்பித்து, 1906ல் வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் குத்தகை என்று 20 வருஷத்துக்கு அந்தப் பார்களை எடுத்தார்கள். விஞ்ஞானி, நீராவிப் படகு எல்லாம் வைத்துக்கொண்டார்கள். 1907ல் குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு பார் வெறுமை. கம்பெனி நொடித்துப் போனது. அடுத்த குளிப்பு 1925ல்தான் நடந்தது.

அவர்கள் முட்டாள்கள் இல்லை. நல்ல வருஷத்தைப் பார்த்து விலை பேசினார்கள், அவ்வளவுதான். வீடு வாங்குகிறவர்கள் செய்வதும் பல நேரம் இதுவேதான். போன வருஷம் எங்கே விலை ஏறிச்சோ அங்கே போய் நிற்கிறோம்.

இதைச் சொல்ல வேற ஊருக்குப் போக வேண்டாம், எங்க சித்தப்பாவே போதும். 2015ல் மடத்தூர் பக்கம் கடன் வாங்கி வரிசையா நாலு வீடு கட்டினார். ஆலையில் ஒப்பந்த வேலைக்கு வர்ற வெளியூர் ஆட்கள்தான் குறி. ஒரு வீட்டுக்கு நாலு பேர், வாடகை டாண்ணு ஒண்ணாம் தேதி. "காலின்னு ஒரு நாள் கெடந்ததில்ல" என்று பெருமையாச் சொல்வார். 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். மே 28ல் ஸ்டெர்லைட் ஆலையை மூட அரசாணை வந்தது. 2024 பிப்ரவரி 29ல் உச்ச நீதிமன்றமும் ஆலைத் தரப்பு மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. சித்தப்பாவோட நாலு வீடும் 2018 ஜூனில் காலியாகி, ஒன்றரை வருஷம் பூட்டியே கிடந்தது. சித்தி நகை கடனுக்குப் போச்சு. 13 உயிர் போன ஊரில் நாலு வீடு காலியாக் கிடந்ததைத் துக்கம்னு சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு. சித்தப்பாவும் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆலை வேணுமா வேண்டாமாங்கிற பேச்சுக்கே நான் வரவில்லை. நோட்டில் எழுதினது இதுதான்: "ஒரே ஒரு கேட்டைப் பார்த்து வீடு கட்டாதே."

இப்போது விமான நிலைய ரோட்டுக்கு வருவோம். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். காரணம் இல்லாமல் இல்லை. வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் சிப்காட்டில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4ல் திறந்தே விட்டார்கள். விமான நிலையப் புது டெர்மினல் 2025 ஜூலை 26ல் திறந்தார்கள். துறைமுகத்தில் புது கன்டெய்னர் முனையம் 2024 செப்டம்பரில். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல். புரோக்கர் அண்ணாச்சி இதையெல்லாம் கலர் நோட்டீஸில் அடித்து, நடுவில் ஒரு ராக்கெட் படம் போட்டு வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அவர் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு இது பொட்டக்காடு. அஞ்சு வருசம் கழிச்சு வாங்க, நிக்க எடம் இருக்காது, பாத்துக்கிடுங்க" என்றார்.

நான் கேட்டேன், "இப்ப வீடு கட்டினா யாரு குடி வருவாங்க அங்கிள்?"

அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா வெவரமா இருக்கு."

பதில் வரவில்லை. நானே யோசித்துப் பார்த்தேன். ஆலையில் சேர்கிற உள்ளூர்ப் பையனுக்குச் சொந்த ஊர் பத்து இருபது கிலோமீட்டரில். பைக்கிலேயே போய் வருவான். குடும்பத்தோட வர்ற வெளியூர்க்காரருக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட் வேணும். அவர் டவுனிலோ பாளையங்கோட்டையிலோ வீடு பார்ப்பார். அங்கே ஒண்டியா நிற்கிற வீட்டுக்கு வர மாட்டார். இன்னொரு விஷயம், இதை எங்க எக்கனாமிக்ஸ் மேடம் நடத்தினதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெறும் நிலம். வாடகை கொஞ்சம் ஏறினா, பக்கத்து மனைக்காரர் நாலு வீடு கட்டிவிடுவார். வாடகை மறுபடி இறங்கிவிடும். டவுன் அப்படி இல்லை. கிழக்கே கடல். வடக்கேயும் தெற்கேயும் உப்பளம். விரும்பினாலும் சட்டுன்னு வீடு கூட்ட முடியாது. அதனால் மனை விலை ஏறுவதும் வாடகை ஏறுவதும் ஒண்ணு இல்லை. விமான நிலைய ரோட்டில் மனை விலை நல்லா ஏறலாம். ஆனால் அப்பாவுக்கு வேண்டியது மாசா மாசம் பலசரக்குக் கடைக்குக் கொடுக்கிற காசு.

முத்தையாபுரம் பக்கம் அனல்மின் நிலையம், உர ஆலை, துறைமுகம்னு நாலைந்து வேலையிடம் இருப்பதால் சித்தப்பா கதை அப்படியே நடக்காது. ஆனால் பெரிய நிறுவனங்களில் நிரந்தர வேலையில் இருக்கிறவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. மிச்சம் வருவது ஒப்பந்தக்காரர்கள், லாரி ஆட்கள், கிளியரிங் ஆபீஸ் பசங்க. வாடகை வரும், ஆள் அடிக்கடி மாறும். அப்பாவுக்கு 60 வயசு. மாசத்துக்கு ஒரு தடவை பெயின்ட் டப்பா தூக்கிக்கொண்டு ஓட முடியுமான்னு ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

பாளையங்கோட்டை நல்ல வேட்பாளர். ஸ்கூல், காலேஜ், மெடிக்கல் காலேஜ், ஆஸ்பத்திரி. எந்த ஆலை மூடினாலும் பிள்ளைகள் படிக்க வரத்தான் செய்யும். 50 கிலோமீட்டர்தான். ஆனால் அது எல்லாருக்கும் தெரிந்ததால் விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. எங்க பட்ஜெட்டுக்குக் கிடைத்தது எல்லாம் ஊருக்கு வெளியே.

சென்னைக் கணக்குதான் வேடிக்கை. அத்தை மகன் சொன்ன ஃபிளாட் 38 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம் சேர்த்தால் 41 லட்சத்து 42 ஆயிரம். நம்ம கையில் 26. மீதி 15 லட்சத்து 42 ஆயிரம் கடன். 9 சதவீத வட்டின்னு வைத்தால் முதல் வருஷ வட்டி மட்டும் கிட்டத்தட்ட 1,39,000. வாடகை மாசம் 12,000, அதில் மெயின்டனன்ஸ் 2,000 போனால் வருஷத்துக்கு 1,20,000. அதாவது வருகிற வாடகை முழுசும் வட்டிக்கே பத்தாது. 26 லட்சத்தைக் கொடுத்துவிட்டு அதுக்கு மேல் நாம கைக்காசும் போடணும்! குழாய் உடைந்தால் முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்து ராத்திரி முழுக்கப் போகணும். அத்தை மகனுக்கு இதை எழுதி அனுப்பினேன். "லாங் டெர்ம்ல பார்க்கணும்"னு பதில் வந்தது. லாங் டெர்ம் வரைக்கும் அரிசி யார் வாங்குவதுன்னு கேட்கவில்லை.

ஆக மிச்சம் டவுன். டவுனுக்குள்ளேயும் எல்லாத் தெருவும் ஒண்ணு இல்லை. அது 2023 டிசம்பரில் தெரிந்தது. அந்த 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்று, ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர் மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி கரை தாண்டியது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது. முத்தம்மாள் காலனி மாதிரிப் பகுதிகளில் மழை விட்டு நாளானாலும் தண்ணி வடியவில்லை. எங்க வாடகை வீட்டுக்குள்ளேயும் முட்டளவு. அம்மா அரிசி டின்னைப் பரணில் ஏற்றிவிட்டு, என் பிளஸ் டூ மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதனால் நான் வீடு பார்க்கப் போன ஒவ்வொரு தெருவிலும் ஒரு டெஸ்ட் வைத்தேன். விற்கிற வீட்டின் சுவரைப் பார்க்கக் கூடாது, அதில் புது பெயின்ட் இருக்கும். பக்கத்து வீட்டு காம்பவுண்டைப் பார்க்கணும். தண்ணி நின்ற கோடு பல இடத்தில் இன்னும் தெரியும். சுவிட்ச் போர்டு எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தால் காரணம் இருக்கும். முனையில் இஸ்திரி போடுகிற அண்ணன்கிட்ட "மழைக்கு எத்தனை நாள் வண்டி வைக்கல?"ன்னு கேட்டால் உண்மை வந்துவிடும். புரோக்கரிடம் கேட்டால் "இங்க தண்ணியே ஏறாது"தான் பதில். ஊரே மிதந்த நாளில் இவர் தெருவில் மட்டும் ஏறவில்லையாம்!

இப்படிச் சலித்துச் சலித்து ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். டவுன் நடுவில், பழைய ஓட்டு வளவு ஒன்றை இடித்துத் தளம் போட்ட ரெண்டு போர்ஷன் வீடு. மேடான தெரு. இஸ்திரி அண்ணன் ஒரு நாள்தான் லீவு விட்டாராம். பஸ் ஸ்டாண்ட் நடை தூரம், கவர்மென்ட் ஆஸ்பத்திரி, காலேஜ், மார்க்கெட், ஜவுளிக்கடை எல்லாம் பக்கம். ஒரு முதலாளியை நம்பாமல் ஊரையே நம்புகிற தெரு. விலை 22 லட்சம். பத்திரத்தை வாங்கிப் பார்த்தோம். தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா எல்லாம் சரி. அப்பா முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நான் நோட்டைத் திறந்தேன். 22 லட்சம், 9 சதவீதம் பதிவுச் செலவு 1,98,000, புரோக்கர் கமிஷன், சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்த்து 25 லட்சம்னு வைத்துக்கொள்வோம். முன் போர்ஷன் வாடகை 5,000. பின் போர்ஷன் 4,000 போகும் என்றார் புரோக்கர். மாசம் 9,000, வருஷம் 1,08,000. ஆள் மாறும்போது ஒரு மாசம் காலி, வெள்ளையடிப்பு, ரிப்பேர், வீட்டு வரி, தண்ணி வரி என்று 25,000 கழித்தால் 83,000. 25 லட்சத்துக்கு 3.3 சதவீதம். மாசம் 7,000க்கும் கொஞ்சம் கம்மி.

அன்றைக்குச் சாயங்காலம் தங்கச்சிக்கு ஏதோ ஃபாரம் வாங்க போஸ்ட் ஆபீஸ் போனேன். சுவரில் ஒட்டியிருந்தது: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 8.2 சதவீதம். 60 வயசு ஆனவர்கள் 30 லட்சம் வரை போடலாம், அஞ்சு வருஷம், மூணு மாசத்துக்கு ஒருமுறை வட்டி. அங்கேயே நின்று போனில் கணக்குப் போட்டேன். 25 லட்சத்துக்கு வருஷம் 2,05,000. மாசம் 17,000 ரூபாய்!

அஞ்சு ஊரைச் சுற்றி, வாடகைக்கு விட நல்ல இடம் போஸ்ட் ஆபீஸ்தான்னு கண்டுபிடித்திருக்கிறேன். :-)

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "வட்டி அப்படியேதாம்ட்டி இருக்கும். வீடு ஏறும்லா?" என்றார். நியாயமான கேள்வி. அஞ்சு வருஷம் கழித்தும் 25 லட்சம் 25 லட்சமாத்தான் திரும்பும், அதற்குள் விலைவாசி ஏறியிருக்கும். வீடு ஏறலாம், வாடகையும் ஏறலாம். ஆனால் ரெண்டுக்கும் நடுவில் மாசம் 10,000 ரூபாய் இடைவெளி. வீட்டு விலை வருஷத்துக்கு அஞ்சு சதவீதம் ஏறினால்தான் ரெண்டும் சமம். அந்த ஏற்றமும் விற்றால்தான் காசு. அதுவரைக்கும் மாசம் 7,000ல் வீட்டு வாடகை கொடுத்து, தங்கச்சி ஃபீஸ் கட்டி... எழுதிக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். 31 வருஷம் அடுத்தவன் சரக்கை ஏத்தி இறக்கின மனுஷனுக்கு, தன் பேரில் ஒரு கல்லு மண்ணு வேணும்ங்கிற ஆசையை நான் எந்தக் காலத்தில் எழுதுவது?

"இன்னொரு தடவ போயிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார்.

போனோம். இந்த முறை புரோக்கர் இல்லை. பின் போர்ஷன் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு ஆச்சி, சுளவில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தார்கள். தனி ஆள். காலையில் இட்லி சுட்டு விற்கிறார்கள். 14 வருஷமா அதே வீடு, வாடகை 2,500. வீட்டுக்காரர் ஏத்தவே இல்லையாம்.

"வீடு பாக்க வந்தியளா? உள்ள வாங்க, பாருங்க" என்றார்கள், ஏதோ அவர்களே விற்கிற மாதிரி. பிறகு அலமாரியில் இருந்து ஒரு நோட்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார்கள். வாடகை நோட்டு. 14 வருஷம், மாசா மாசம் 2,500, பக்கத்தில் ஓனர் கையெழுத்து. ஒரு மாசம்கூட விடுதல் இல்லை. கொரோனா ஊரடங்கு மாசங்களில் மட்டும் ரெண்டு தவணையா. வெள்ளம் வந்த மாசமும் கட்டியிருக்கிறார்கள்.

"நீங்க வாங்குனா நான் இருக்கலாமாய்யா?" என்று கேட்டார்கள்.

அப்பா பதில் சொல்லவில்லை. தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

அன்று ராத்திரி நான் ஒரு கணக்கு போட்டேன். 4,000 வாடகையில் வேறு ஆள் வந்தால் 11 மாசம் 44,000, வெள்ளையடிக்க 3,000 போனால் 41,000. ஆச்சி கொடுக்கிறது 30,000, காலி மாசம் கிடையாது, பெயின்ட் செலவும் கிடையாது. நிஜ வித்தியாசம் வருஷத்துக்கு 11,000. அப்படிப் பெரிசில்லை. ஆனால் 83,000ல் 11,000 போனால் 72,000. மாசம் 6,000. அது எங்களுக்குப் பத்தாது. ஆச்சியை எழுப்பினாலும் பத்தாது, எழுப்பாவிட்டாலும் பத்தாது. நாங்கள் வாங்கினால் முதல் ஆறு மாசத்திலேயே அப்பா அந்தக் கதவைத் தட்டி "வாடகை ஏத்தணும் ஆச்சி"ன்னு சொல்லியாகணும். ஆறு வீட்டில் ஆறு பேர் எங்க கதவைத் தட்டிச் சொன்ன அதே வாக்கியம்.

அப்போதுதான் அம்மா சொன்ன முதல் வார்த்தை ஞாபகம் வந்தது. நாமளே வாடகை வீட்டில் கிடக்கிறோம். அதாவது எங்க வீட்டில் இருந்து மாசா மாசம் வெளியே போகிற 6,500 ரூபாயும் ஒரு வருமானம்தான், நிறுத்த முடிந்தால்.

அம்மாவேதான் வழியும் சொன்னாள். "ஹவுஸ் ஓனர் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காவ. ஒத்திக்குக் கேட்டுப் பாருங்களேன்."

வெளியூர் வாசகர்களுக்கு: ஒத்தின்னா மொத்தமா ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. கெடு முடிந்ததும் தொகை அப்படியே திரும்பும். ஓனருக்கு வட்டி இல்லாமல் பணம், நமக்கு வாடகை இல்லாமல் வீடு. பேசி 6 லட்சம், மூணு வருஷம்னு முடிந்தது. 6 லட்சத்துக்கு வருஷம் 78,000 வாடகை மிச்சம். 13 சதவீதம்! நாங்கள் பார்த்த எந்த ஊர் வீடும் இதுக்குக் கிட்ட வரவில்லை.

ஆபத்தும் இருக்கு. ஓனர் பணத்தைத் திருப்பாவிட்டால் நாம வீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கணும். ஏற்கெனவே பேங்கில் அடமானம் இருந்தால் நம்ம கதி அதோகதி. அதனால் வெறும் பத்திரப் பேப்பரில் எழுதி வாங்கி ஏமாறாதீர்கள். ஒத்தி ஒரு அடமானம். 100 ரூபாய்க்கு மேல் உள்ள இந்த மாதிரி அடமானத்தை ரெண்டு சாட்சியோட பதிவு பண்ணணும்னு 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்லுது. செலவு ஆனாலும் வில்லங்கம் பார்த்து, சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்துதான் பணம் கொடுத்தோம். சாதாரண வாடகைக்குப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள ஒன்று: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், பதியணும். தனியா வேற ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.

மீதி 20 லட்சம் போஸ்ட் ஆபீஸில். வருஷம் 1,64,000, மாசம் 13,600 சொச்சம். வாடகை மிச்சம் 6,500. ரெண்டும் சேர்த்து இருபதாயிரம். அப்பா பென்ஷனோட சேர்த்தால் வண்டி ஓடும். வாடகைக்கு விட நல்ல இடம் எதுன்னு தேடிக் கிளம்பி, நாங்கள் குடியிருக்கிற வீட்டிலேயே வந்து நின்றோம்.

இது எல்லாருக்கும் பொருந்தும்னு சொல்ல மாட்டேன். 35 வயசில், நல்ல சம்பளத்தில் இருக்கிறவர் அதே டவுன் வீட்டை வாங்கினால் நான் கை தட்டுவேன். அவருக்கு மாசச் சோத்துக்கு அந்த வாடகை தேவையில்லை, காத்திருக்க முடியும். அவர் ஆச்சியையும் இருக்கவிட முடியும். எங்களால் முடியாது. அஞ்சு வருஷம் கழித்து அந்த வீடு 40 லட்சம் போனால் அப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் அந்தச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுக்கும் நான் தயாராத்தான் இருக்கணும்.

போன வாரம் காலேஜ் விட்டு அந்தத் தெரு வழியா வந்தேன். வீடு விற்றுப் போச்சு. முன்னாடி நீல பெயின்ட். பின் போர்ஷன் கதவில் புதுப் பூட்டு, அட்டையில் "வீடு வாடகைக்கு விடப்படும்". இஸ்திரி அண்ணனிடம் கேட்டேன். ஆச்சி தாளமுத்து நகர்ப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். இட்லிக் கடை இல்லையாம்.

வாங்கியிருந்தால் நாங்களும் இதைத்தான் செய்திருப்போமோ, இல்லை அப்பா மனசு கேட்காமல் 2,500க்கே விட்டிருப்பாரோ, தெரியவில்லை. அப்பாவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை. நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் காலியா இருக்கு.

சரி மக்களே, இன்டர்னல் டெஸ்ட் வருது, ஓடுகிறேன். உங்க வீட்டில் ஒத்தி அனுபவம் இருந்தால் சொல்லுங்கள், நல்லதோ கெட்டதோ. எங்களுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு.